ஈரநில வரைபடமும் பருவமும்
ஈரநிலங்கள் சுருங்குவதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே துல்லியமாக அளந்துவிடலாம் என்று, இரு வரைபடங்களுடன் வந்த ஒரு கட்டுரை சொல்வதை நான் பாதியளவே ஏற்கிறேன். புவியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டதால் அரை நூற்றாண்டு மாற்றத்தை ஒப்பிட முடிகிறது. ஆனால் தொடக்ககாலப் படங்களின் பிரிதிறன் (படத்தின் ஒரு புள்ளி தரையில் குறிக்கும் அகலம்) ஏறத்தாழ 80 மீட்டர், ஐரோப்பாவின் பிற்காலச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்களிலோ 10 மீட்டர் என்பதால், பழைய வரைபடத்தில் அண்டை நிலத்தோடு கலந்துபோன சிறு குட்டைகள் பின்னாளில் புதிதாகத் தோன்றியவை போலக் காட்சியளிக்கக்கூடும். இதைவிடப் பெரிய சிக்கல் பருவம்: மழைக்குப் பின் எடுத்த படத்தையும் கோடையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், நல்ல நிலையில் உள்ள ஏரியும் அழிந்துவருவதாகத்தான் தெரியும். (கட்டுரையின் இரு வரைபடங்களிலும் மாதமே குறிப்பிடப்படவில்லை.) களத்தில் நேரில் சரிபார்த்த இடங்கள் எத்தனை, படத்தில் எது ஈரநிலம், எது அல்ல என்று வகைப்படுத்தியதில் பிழை எவ்வளவு என்பதையும் வரைபடத்தின் ஓரத்திலேயே தந்திருக்கலாம்.