குளம் மூடுற ஆக்களுக்கு

மண்டபத்துக்கு வாற வாகனங்களை விட எங்கட ஊர்க் குளத்தை மூடாதேங்கோ எண்டு முந்தநாள் ஒரு பதிவு போட்டன். அதுக்குக் கீழ நீங்கள் எழுதினது எல்லாம் வாசிச்சன். 'அபிவிருத்தி எண்டாலே இவருக்குப் பிடிக்காது' எண்டு ஒருத்தர். 'மாரியில மட்டும் தண்ணி நிக்கிற பள்ளத்துக்கு இவ்வளவு அழுகையோ, மண்டபத்துக்கு வாற வாகனங்களை வேற எங்கை விடுறது' எண்டு இன்னொருத்தர்.

மாரியில நிக்கிறதுதான் ராசா விசயமே! யாழ்ப்பாணத்தில எங்களுக்கு ஆறு எங்கை இருக்கு? மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கையாறு ஒண்டுதான். பெய்யிற மழை குளத்தில நிண்டு, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால இறங்கி, கீழ கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. அதைத்தான் கிணத்தில அள்ளுறம். நல்லதண்ணி மட்டம் ஓரடி இறங்கினால் அடியில உப்பு நாப்பது அடி மேல வரும். குளத்தை மூடினால் கிணறு போச்சு. இதுக்குப் பட்டம் வேணுமே?

'நீயும் மோட்டர் போட்டுத்தானே இறைக்கிறாய்?' ஓம், இறைக்கிறன். அதுக்காகக் குளத்தை மூடலாமோ?

'தாழையடியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கினம்தானே?' 2024இல தொடங்கினது, நாளுக்கு 24,000 கன மீட்டர். நல்லது, குடியுங்கோ. வெங்காயத் தறைக்கு ஆர் விடுறது?

சென்னையில 2019இல ஏரியள் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயிலில தடவைக்கு 25 இலட்சம் லீட்டர் தண்ணி கொண்டுவந்தவை. பள்ளிக்கரணைச் சதுப்பில கட்டடம் எழுப்பேக்க அங்கயும் இதே கதைதான் கதைச்சிருப்பினம். அவைக்கு ஜோலார்பேட்டை இருந்தது. எங்களுக்கு? இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் கேட்டபோது, தங்கட வயலுக்கே காணாது எண்டு கிளிநொச்சி விவசாயிகள் சொன்னது மறந்து போச்சோ? (அவை சொன்னதிலயும் பிழையில்லை.)

மண்டபத்தில எனக்கு எரிச்சலாம். என்ர மகளின்ர சாமத்தியவீடே அங்கதான் நடந்தது, ஐயாமாரே!

எங்கட கிணத்தில அம்மம்மா காலத்தில துலா. வெய்யிலுக்கால வாற ஆக்கள் படலையைத் திறந்து வந்து, கேக்காமலே அள்ளிக் குடிச்சிட்டுப் போவினம். அப்பிடி இனிச்ச தண்ணி. போன ஆவணியில அதே கிணத்துத் தண்ணியில அம்மா தேத்தண்ணி போட்டா. உப்புக் கரிச்சது. அவ ஒண்டும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சீனி போட்டு, வந்திருந்தவருக்குக் குடுத்தா. அவரும் ஒண்டும் சொல்லேல்லை. பாதிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழ வைச்சிட்டு எழும்பிப் போனார். அம்மா அதைக் கழுவேக்க முகத்தைத் திருப்பிக்கொண்டா.

'அழுகை' எண்டு எழுதினது அந்த அண்ணைதான். அடுத்தமுறை வரேக்க சொல்லுங்கோ அண்ணை, சோடா வாங்கி வைக்கிறன்.