எலுமிச்சை வற்றுவது ஃப்ரிட்ஜால் அல்ல

"எலுமிச்சையை ஃப்ரிட்ஜில் வைத்தால் சாறு வற்றிவிடும், வெளியில் வைத்தால்தான் நாள்படும்" என்று ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். வற்றுவதைப் பார்த்திருப்பார், அதில் சந்தேகமில்லை. காரணம்தான் வேறு. தோல் வழியாக ஈரம் வெளியேறுவதால்தான் பழம் காய்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் காற்று உலர்ந்திருப்பதால், திறந்து போட்ட பழம் அங்கேயும் சுருங்கும். அதையே நன்றாகத் துடைத்து, மூடிய டப்பாவிலோ ஜிப் பையிலோ வைத்தால் மூன்று, நான்கு வாரம்கூடத் தாங்கும். வெளியில் ஒரு வாரத்திலேயே தோல் இறுகத் தொடங்கிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். (நறுக்கிய பழம் வேறு கதை, அது எங்கே வைத்தாலும் சில நாள்தான்.)

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூன்று பழங்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை வெளியில், ஒன்றை ஃப்ரிட்ஜில் திறந்தபடி, இன்னொன்றை ஃப்ரிட்ஜில் மூடிய டப்பாவில் வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி நிறுங்கள். குறைந்த எடை பெரும்பாலும் போன தண்ணீர்தான். தராசு இல்லையா? சரி, மூன்றையும் பிழிந்து சாற்றை ஸ்பூனால் அளந்து பாருங்கள்.