கால் தப்பு செய்யவில்லை

அம்மா படிக்கட்டில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே அவர் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. "வயசாயிடுச்சுடா, கால் நிதானம் போயிடுச்சு." சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பார்த்து ஏறக் கூடாதா, யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வரக் கூடாதா என்று.

இரண்டு நாள் கழித்து ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குத் திரும்பப் போனேன். கீழிருந்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்தேன். 150 மில்லிமீட்டர், 150, 152, 150, 150, 151. ஏழாவது படி 174. அம்மா விழுந்தது அந்தப் படியில்தான். நின்று பார்த்தால் எல்லாப் படியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதே கல், அதே பளபளப்பு.

படி ஏறும்போது முதல் இரண்டு மூன்று படிகளைத்தான் நாம் உண்மையில் பார்க்கிறோம். அதற்குள் கால் அந்த உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கண் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். கால் தேவையான அளவுக்கு மட்டுமே தூக்கும், ஒரு விரற்கடை கூடுதலாகத் தூக்காது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிகளில், ஒரே வரிசையில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்வான படிக்கும் இடையே 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அம்மாவின் படியில் 24 மில்லிமீட்டர். அவர் கால் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. கணக்கை மாற்றியது கட்டடம்.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சுவா ப்ளாண்டல் என்ற ஃபிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் படிக்கட்டுக்கு ஒரு கணக்கு எழுதி வைத்தார். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கு, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டு, மொத்தம் ஒரு மனிதரின் நடை நீளம் வர வேண்டும். இன்றைய அளவில் சுமார் 63 முதல் 65 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, அது கட்டடத்தில் தொடங்கவில்லை என்பதுதான். நடக்கிற ஆளில் தொடங்குகிறது.

சரி, விழுந்த அன்றைக்கே திரும்ப வருகிறேன். மருத்துவமனையில் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடவே நடந்தேன். எனக்கு அது வெளிச்சமான, சுத்தமான, நல்ல நடைவழி. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே வந்தார். வலி என்று நினைத்துக் கேட்டேன். "லைட்டு கண்ணைக் குத்துது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கூரை நெடுக ட்யூப்லைட்டுகள். நிற்பவனுக்கு அவை தலைக்கு மேலே எங்கோ இருப்பவை. படுத்திருப்பவருக்கு ஒவ்வொன்றும் நேராக முகத்தின் மேல் வந்து போகிறது. அந்த இடத்தை வரைந்தவர் ஒரு தடவைகூட அங்கே படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

படுத்துப் பார்த்து யோசித்தவர் ஒருவர் இருந்தார். பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில் 1933-இல் திறந்த காசநோய் மருத்துவமனையை ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவருக்குக் கூரைதான் கண்ணெதிரே இருக்கும் சுவர் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதனால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த நிறம். விளக்கு, படுத்திருப்பவர் கண்ணில் நேரே விழாத இடத்தில். ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒருவர் கை கழுவினால் மற்றவர் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக, தண்ணீர் சத்தமில்லாமல் வழியும் கோணத்தில் ஒரு தொட்டியையே செய்தார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சத்தம் என்றதும் அந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் ஞாபகம் வருகிறது. உயரமான கூரை, கல் தரை, கண்ணாடிச் சுவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதுவும் விளங்காது, முழக்கம்தான் கேட்கும். ஒரு மணி நேரத்தில் எனக்கே தலை கனத்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு கூடத்தை 1895-இல் ஹார்வர்டில் சரி செய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அங்கே பேசிய ஒரு சொல் ஐந்தரை விநாடி அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்ததாம். அவர் ஊர் அடங்கிய பிறகு, வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலி எப்போது அடங்கியது என்று சொல்லும் கருவி அவருடைய காதுதான். ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் அவர் உடம்பும் உடையும் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதையும் கணக்கெடுத்தார். காலிக் கூடமும் ஆள் நிறைந்த கூடமும் காதுக்கு வேறு வேறு இடம்.

தோலும் இப்படித்தான். ஒரே அறையில் இருக்கும் இரும்புக் கைப்பிடியும் மரக் கைப்பிடியும் தெர்மாமீட்டருக்கு ஒரே சூடுதான். கைக்கு இரும்பு சில்லென்று இருக்கும், ஏனென்றால் நம் சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்கிறது. தோல் அந்த இழுப்பைத்தான் உணர்கிறது. அது பிரமை இல்லை.

இத்தனையும் இருந்தும், ஓர் இடம் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? படத்தை வைத்து. கட்டுவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் செய்த படம், கட்டி முடித்ததும் எடுத்த படம். இரண்டிலும் ஆளே இருக்க மாட்டார், இருந்தாலும் முட்டி வலி இல்லாத ஆளாக இருப்பார். படத்தில் முழக்கம் கேட்காது. ஏழாவது படி தெரியாது. படம் எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இருட்டில் நடந்து பார்க்காமல், கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் பார்க்காமல் ஒரு வீட்டை அழகு என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட வெல்டர் வந்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு, அவரே "எல்லாருக்கும் போடுறது 90 சென்டிமீட்டர்தான் சார்" என்றார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன். படியில் ஒரு கால் வைத்து, சுவர்ப்பக்கம் சும்மா கையை நீட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். கை தானாகப் போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அளந்தால் 86.

வெல்டர் கோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சரிம்மா, இன்னொரு தடவை நீட்டுங்க" என்று தானும் ஒருமுறை அளந்துகொண்டார்.