பால் ரயன் எந்தக் கட்சி?
அமெரிக்க அரசியலில் இனவெறிக் குற்றச்சாட்டு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மட்டுமே எடுக்கும் ஆயுதம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அதை ஏற்க முடியவில்லை. 2016 ஜூனில், தான் நடத்திய டிரம்ப் பல்கலைக்கழகம் மீதான வழக்கை விசாரித்த நீதிபதி கோன்சாலோ குரியலின் மெக்சிகோ பூர்வீகத்தைக் காட்டி, அவர் நடுநிலையாக இருக்க மாட்டார் என்றார் டிரம்ப். குரியல் பிறந்ததோ இந்தியானாவில். அது அப்பட்டமான இனவெறிப் பேச்சு என்று சொன்னவர் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் பால் ரயன். (அப்புறமும் டிரம்பை ஆதரித்தார், அது வேறு விஷயம்.) 2002-இல், நிறப்பாகுபாட்டை ஆதரித்து 1948-இல் அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டை குடியரசுக் கட்சி செனட்டர் டிரென்ட் லாட் புகழ்ந்தபோது, அதே கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ்ஷே கண்டித்தார். லாட் செனட் கட்சித் தலைமையை விட்டு விலக வேண்டியதாயிற்று. சரி, இதை உத்தியாக யாரும் பயன்படுத்துவதில்லையா? பயன்படுத்துகிறார்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் 2019 ஜூன் விவாதத்தில் கமலா ஹாரிஸ், “நீங்கள் இனவெறியர் என்று நான் நினைக்கவில்லை” என்று பைடனிடம் தொடங்கி, கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளை ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்து விட்ட திட்டத்தை அவர் எதிர்த்ததைப் பிடித்தார். அந்தப் பேருந்தில் போன சிறுமி நான்தான் என்றார். உடனேயே அந்த வாசகம் அச்சிட்ட டி-சர்ட் அவருடைய பிரசாரத் தளத்தில் விற்பனைக்கு வந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட அடிதான் அது, சந்தேகமில்லை. ஆனால் அதனால் எல்லாமே நாடகம் என்று தள்ளிவிட முடியாது. டி-சர்ட் விற்றார்கள் என்பதற்காக, 1970-களில் பைடன் செனட்டில் அந்தத் திட்டத்தை எதிர்த்தது பொய்யாகிவிடாது.