குருகுலத்தில் நடந்தது பண மோசடி அல்ல

"விடுதலைப் போராட்டக் காசைத் தின்ற வ.வே.சு. ஐயரைச் சேலத்து இளைஞர்கள் பிடித்தனர்" என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

விடுதலைப் போராட்ட வீரரான ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் என்ற உறைவிடப் பள்ளிக்கு 10,000 ரூபாய் தருவதாகத் தமிழ்நாடு காங்கிரஸ் ஒப்புக்கொண்டு, 5,000 கொடுத்தது. ஐயர் அதைச் சுருட்டினார் என்பது அன்றைய குற்றச்சாட்டே அல்ல. பிரச்சினை பந்தியில்தான். பிராமணப் பையன்கள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இது ஏன் என்று கேட்டவர்கள் பெரியாரும், இராசிபுரத்தில் பிறந்து சேலத்தில் பத்திரிகை நடத்திய டாக்டர் வரதராஜுலு நாயுடுவும். இராசிபுரம் அப்போது சேலம் மாவட்டம். சேலம் பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

அப்புறம், 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் குழுவில், பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார்.

1925ஆம் ஆண்டு 'குடி அரசு' இதழ்த் தொகுப்பில் இந்த விவாதத்தைப் படிக்கலாம். ஐயரைக் கடுமையாக எதிர்த்த பெரியாரின் பத்திரிகை அது. அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.