கொஞ்சம் ஹெல்மெட்டக் கழட்டும்மா, முகம் தெரியல

இன்னிக்குக் காலைல வாட்ஸ்அப் குரூப்ல வந்து விழுந்த போட்டோ உங்களுக்கும் வந்திருக்கும். உங்க ஊர்ல வேற ஆளுங்க, வேற ஸ்கூலு. ஆனா அதே போட்டோதான். "தலைக்கவசம் அணிவோம்" மாணவர் விழிப்புணர்வு சைக்கிள் பேரணி. நடுவுல சிறப்பு விருந்தினர், ரெண்டு பக்கமும் பொன்னாடை போர்த்துன பெரியவங்க, முன்னால ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு. ஹெல்மெட் அந்தப் புள்ளையோட கையில இருக்கு. தலைல இல்ல, கையில. தாம்பூலத் தட்டு ஏந்துற மாதிரி ஏந்திக்கிட்டு நிக்குது.

போட்டோவோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. கூடவே வீடியோ. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். அதுக்குள்ள எத்தன தப்பு பண்ண முடியுமோ அத்தனையும் ஒண்ணு விடாம வரிசையா நடக்குது, ஒத்திகை பாத்துட்டு வந்த மாதிரி.

மேசை மேல ஹெல்மெட் குவிச்சு வெச்சிருக்காங்க. எல்லாம் ஒரே சைஸ். பெட்டியில தலைச் சுத்தளவு 58-62 செ.மீ.னு அச்சடிச்சிருக்கு. அது சிறப்பு விருந்தினர் மண்டைக்குக் கச்சிதமா இருக்கும். ஏழாவது படிக்கிற புள்ள மண்டை 52 செ.மீ. இருக்கும், 54 இருக்கும். அளக்குறது என்ன பெரிய வித்தையா? டெய்லர் கடை இஞ்ச் டேப் ஒண்ணு போதும். புருவத்துக்கு மேல ரெண்டு செ.மீ. விட்டு, காதுக்கு மேலாக்க, பின்மண்ட பொடைச்சிருக்குற இடத்தோட ஒரு சுத்து. பத்து செகண்டு. அளவெடுக்காம யாராச்சும் சட்டை தைப்பாங்களான்னு கேக்க வந்தேன். இலவச யூனிஃபார்ம் ஞாபகம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.

இதுல பெத்தவங்களுக்கும் பங்கு இருக்கு. "வளர்ற புள்ள, ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்"னு செருப்புல இருந்து சைக்கிள் வரைக்கும் ரெண்டு சைஸ் பெருசா வாங்குற வம்சம் நாம. பாவாடைய மடிச்சுத் தைக்கலாம், ஷூவுக்குள்ள பஞ்சு வைக்கலாம். ஹெல்மெட்டுக்குள்ள கைக்குட்டைய மடிச்சு வெச்சு அனுப்புறதெல்லாம் ஆகாது தாயே. விழுற நேரத்துல தலைக்கு முந்தி ஹெல்மெட்டு ஒரு பக்கம் சுழண்டுக்கும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். சிறப்பு விருந்தினர் சார் குவியல்ல இருந்து ஒரு ஹெல்மெட்ட எடுக்குறாரு. போடுறாரு. பின்பக்கம் முன்னால. இறுக்குற திருகு பின்மண்டைல, கழுத்துக்கு மேல வரணும். அந்தப் புள்ளைக்கு அது நெத்திச்சுட்டி மாதிரி நெத்தியில தொங்குது. சுத்தி நின்ன பதினஞ்சு பேர்ல ஒருத்தர் வாயத் தொறக்கல. அதுல ரெண்டு பேரு பி.டி. வாத்தியாரு.

அடுத்து ஜடை. இத யாருமே பேச மாட்டேங்குறாங்க. நம்ம ஊர் ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு ரெட்ட ஜடை, மடிச்சு ரிப்பன் வெச்சுக் கட்டணும், காதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் குஞ்சம் மாதிரி நிக்கணும். இல்லாட்டி வெளிய நிக்கணும். அந்த ரெண்டு மடிப்புக்கு மேல ஹெல்மெட் எப்படி உக்காரும்? பொங்குற பானைக்கு மேல வெச்ச மூடி மாதிரி மெதந்துக்கிட்டு நிக்கும். பெத்தவங்களும் புள்ளையும் "ஹெல்மெட் செட் ஆகல"னு தூக்கிப் பரண்ல போட்டுருவாங்க. ஹெல்மெட் செட் ஆகாம இல்ல, ஸ்கூல் ரூல்தான் செட் ஆகல. சைக்கிள்ல வர்ற புள்ளைங்க கழுத்தோரமா தாழ ஒத்த ஜடை போட்டு வரலாம், பூவ ஸ்கூலுக்கு வந்து வெச்சுக்கலாம். ஒத்த வரி சுற்றறிக்கை. அஞ்சு பைசா செலவில்ல. ஆனா அதுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க முடியாதே!

அடுத்து பட்டை. அதான் உயிரே. பக்கிள் ரெண்டும் ஜிமிக்கி மாதிரி காதோரம் ஆடுது. மாட்டவே இல்ல. மாட்டாத ஹெல்மெட்டும் தொப்பியும் ஒண்ணுதான். தொப்பியாவது வெயிலுக்கு ஆவும். கைதட்டல்.

அப்புறந்தான் அந்த வசனம். போட்டோகிராபர் கேமராவ எறக்கிட்டு சொல்றாரு: "கொஞ்சம் ஹெல்மெட்டக் கழட்டும்மா, முகம் தெரியல." அது கழட்டிருச்சு. சார் ஒரு கை, புள்ள ஒரு கை, நடுவுல ஹெல்மெட்டு. "சார் இந்தப் பக்கம். இன்னொண்ணு சார்." கிளிக். நாளைக்கு பேப்பர்ல "ஹெல்மெட் வழங்கினார்"னு வரும். வழங்குன ஹெல்மெட்ட எல்லாம் வீடியோவோட கடைசி அஞ்சு செகண்டுல ஒருத்தர் சாக்குல போட்டுக் கட்டுறாரு. அடுத்த ஸ்கூல்ல பத்தரைக்கு ப்ரோக்ராமாம்.

பேரணி கெளம்பிருச்சு. நூத்துக்கு மேல புள்ளைங்க, ஒருத்தர் தலைலயும் ஒண்ணும் இல்ல. ஒரு கையில ஹேண்டில்பாரு, ஒரு கையில "பாதுகாப்பே முக்கியம்"னு அட்டை. ஒத்தக் கையில சைக்கிள் ஓட்டக் கூடாதுங்குறதுதான் சைக்கிள் பாதுகாப்புல மொதப் பாடம். அத நடுரோட்டுல நூறு பேரக் கூட்டி வந்து செஞ்சு காட்டுறாங்க.

"பக்கத்துத் தெரு டியூஷனுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு, மெதுவாத்தான போகுது?" இந்தக் கேள்விய இன்னும் எத்தன வருஷம் கேப்பீங்க? வண்டி மெதுவா போனாலும் மண்டை ஒடையும். அதுக்கு விழுற உயரமே போதும். சீட்ல உக்காந்த புள்ளையோட தலை தரையில இருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் மேல இருக்கு. நின்ன சைக்கிள் சாஞ்சாக்கூட அங்கருந்து நேரா வர்ற மண்டை தரையத் தொடுற வேகம் மணிக்கு 19, 20 கிலோமீட்டர். ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வெச்சிருக்குற இ.என். 1078 சோதனையும் ஏறக்குறைய இந்த வேகத்துலதான் ஹெல்மெட்ட இரும்பு மேல போட்டுப் பாக்குது. அதனால "மெதுவாத்தான போகுது"ங்குற பேச்சு மண்டைகிட்ட எடுபடாது.

அந்த வேகத்த வாங்கிக்கிறது வெளிய பளபளன்னு இருக்குற பிளாஸ்டிக் இல்ல, உள்ள இருக்குற தெர்மோகோல். அது நசுங்கும். நசுங்குறதுதான் அதோட வேலை, நசுங்குற நேரத்துலதான் அடியோட வேகம் கொறையும். நசுங்குனது திரும்ப எழும்பாது. அதனால ஒரு தடவ நல்லா அடிபட்ட ஹெல்மெட்டு முடிஞ்சுது, வெளிய கீறல்கூட இல்லாட்டியும் முடிஞ்சுது. "நல்லாத்தான இருக்கு, தம்பி போட்டுக்கட்டும்"னு கைமாத்தி விடாதீங்க.

தெருவோரக் கடைல 150 ரூபாய்க்குத் தொங்குதே, அதுக்குள்ள கட்டைவெரல வெச்சு அழுத்திப் பாருங்க. மெத்துமெத்துன்னு அமுங்கி எழும்புனா வெறும் ஸ்பாஞ்சு. அது கவசம் இல்ல, தலகாணி. ஸ்பாஞ்சுக்குப் பின்னால கல்லு மாதிரி கெட்டியா, ரெண்டு செ.மீ. கனத்துக்கு தெர்மோகோல் கைக்குத் தட்டுப்படணும். இன்னும் சில ஸ்கூல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பைக் ஹெல்மெட்டையே வாங்கிக் குடுத்துர்றாங்க. ஐ.எஸ். 4151ங்குறது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குங்க. ஏறக்குறைய ஒரு கிலோ பாரம், காது அடைஞ்சிடும், மே மாசத்துல மண்ட வெந்துரும். சைக்கிளுக்குன்னு செஞ்சது 250, 300 கிராம்தான், மேல காத்துப் போறதுக்கு ஓட்டை இருக்கும். பைக் ஹெல்மெட்ட மாட்டி அனுப்புன புள்ள தெருமுனை தாண்டுனதும் கழட்டி ஹேண்டில்ல மாட்டிரும். அதத் திட்டாதீங்க, வாங்குனவங்களத் திட்டுங்க.

இன்னொரு கூத்து, பேரணி மேசைல குவிச்சிருந்த அந்த ஹெல்மெட்டு மேல ஸ்ப்ரே பெயிண்டுல "உபயம்"னு போட்டு ஒரு பேரு. கோயில் டியூப்லைட்டுல எழுதுனது பத்தலையா? பெயிண்டு, தின்னரு, பெட்ரோலு எல்லாம் பிளாஸ்டிக்கயும் தெர்மோகோலயும் அரிச்சுரும். சோப்புத் தண்ணியில தொடைக்குறதத் தவிர வேற எதுவும் பண்ணக் கூடாது. உபயதாரர் பேரு எழுதுன எடத்துலயே ஒடைஞ்சா அதுக்கும் அவரே உபயமா?

மாட்டுறது இவ்ளோதான். நெத்தியில நேரா உக்காரணும். புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல ரெண்டு வெரல், அதுக்கு மேல போகக் கூடாது. நெத்திய காட்டிக்கிட்டுப் பின்னால தள்ளிப் போடுற ஸ்டைல் இருக்கே, குப்புற விழும்போது மொதல்ல தரைல படறது அந்த நெத்திதான். பட்டை ரெண்டும் காதுக்குக் கீழ கவட்டை மாதிரி சேரணும். தாடைக்கடியில பக்கிள் மாட்டுனா ஒரு வெரல் நொழையணும், முஷ்டி நொழையக் கூடாது. அப்புறம் புள்ளைய கொட்டாவி விடச் சொல்லுங்க. வாயப் பெருசாத் தொறந்தா ஹெல்மெட்டு தலைய இழுக்குற மாதிரி தெரியணும். பட்டைய மாட்டாம, திருக மட்டும் இறுக்கிட்டு "மாட்டேன் மாட்டேன்"னு தலைய ஆட்டச் சொல்லுங்க. நெத்தித் தோலும் சேந்து ஆடுனா சரியான சைஸு. மாட்டேன்னு தலையாட்டுறதுக்கு நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்? சைக்கிள விட்டு எறங்குனா ஹெல்மெட்டயும் கழட்டிரணும், அதோட மரமேறுனா பட்டை கிளையில மாட்டிக் கழுத்த நெரிச்சிரும்.

ஒரு புள்ளைக்கு மூணு நிமிஷம். நாப்பது பேரு கிளாஸுக்கு ரெண்டு மணி நேரம், அதாவது மூணு பி.டி. பீரியட். அதத்தான் கணக்கு வாத்தியாரு ஜூன் மாசமே கடன் வாங்கிட்டாரே, எங்க போறது?

இவங்க சைக்கிளப் பாக்கவே இல்ல. பிளஸ் ஒன்னுல விலையில்லா சைக்கிள் வாங்குன புள்ளைங்களக் கேளுங்க. மொதல்ல போறது வீட்டுக்கு இல்ல, மெக்கானிக் கடைக்கு. மொத்தமா லாரியில வந்து மைதானத்துல அவசரமா கோத்த வண்டி எதுலயும் ஹேண்டில் நட்ட நம்பக் கூடாது. முன் சக்கரத்த ரெண்டு காலுக்கு நடுவுல இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஹேண்டில முறுக்கிப் பாருங்க. சக்கரம் நின்ன எடத்துல நிக்க ஹேண்டில் மட்டும் திரும்புனா அத ஓட்டக் கூடாது, தள்ளிக்கிட்டே கடைக்குப் போங்க. பிரேக் கட்டை ரிம்முக்கு ரெண்டு, மூணு மில்லிமீட்டர் தள்ளி நிக்கணும், டயர்ல ஒரசக் கூடாது. பிரேக்க முழுசா அழுத்துனா ஹேண்டில்ல போய் ஒட்டக் கூடாது. ஒட்டுனா வயரு தளர்ந்திருக்கு, இல்ல கட்டை தேஞ்சிருக்கு. இரும்பு ரிம்மு மழையில நனைஞ்சா பிரேக் பாதிகூடப் புடிக்காது, முன்கூட்டியே லேசா அழுத்தி அழுத்தித் தண்ணிய வழிச்சிக்கிட்டே வரணும். யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா? நாம சொல்லிக் குடுத்ததெல்லாம் "முன் பிரேக்கப் புடிக்காத, குப்புற விழுவ". ரெண்டையும் சேத்துப் புடின்னு சொல்லலயே! பின் பிரேக்க மட்டும் புடிச்சா வண்டி நிக்குறதுக்கு ரொம்ப தூரம் எடுக்கும், அதுக்குள்ள மினி பஸ்ஸு வந்துரும்.

எட்டு கிலோ பைய ஹேண்டில்ல மாட்டுனா வண்டி பை சொல்ற பக்கம்தான் போகும். பை கேரியர்ல, ரப்பர் போட்டு, பட்டை தொங்காம. துப்பட்டா செயின்ல சிக்கும், அதுக்கு முழு செயின்கவரும் பின் சக்கரத்துக்கு வலையும் வேணும். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஆறரைக்கு இருட்டுல வர்ற புள்ளைக்குப் பின்னால செவப்பு ரிஃப்ளெக்டர் ஒண்ணுதான் தொணை. அது மேல போய் தலைவர் ஸ்டிக்கர ஒட்டி வெச்சிருக்கான். மகராசா, அந்த ஸ்டிக்கர மட்கார்டுல ஒட்டுனா தலைவர் கோவிச்சுக்குவாரா?

சட்டத்துல எடமில்லன்னு சொல்வாங்க. வாஸ்தவம்தான், மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு பைக்குக்குத்தான், மிதிக்கிற சைக்கிளுக்கு இல்ல. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணம் 1990லயே சைக்கிளுக்கும் கட்டாயம்னு போட்டுச்சு, ஸ்வீடன்ல 2005ல இருந்து 15 வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைங்களுக்குக் கட்டாயம். இங்க சட்டம் வந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். இன்னொரு பேரணி வரும்.

கோவம் எல்லாம் வடிஞ்சு மறுபடி அந்த போட்டோவப் பாத்தா சிரிப்புதான் வருது. இப்ப கண்ணு ஹெல்மெட்டுக்குப் போகல, பொன்னாடைக்குப் போகுது. ஏழு பேரு, ஏழு பொன்னாடை. அது என்ன துணிங்க அது? துண்டா போட முடியாது, தொவட்ட முடியாது, விரிக்க முடியாது, புள்ளைக்கு ஏணை கட்ட முடியாது. சரி, சைக்கிள் செயினத் தொடைக்கவாவது ஆவும்னு பாத்தா அதுவும் இல்ல, எண்ணெய உறிஞ்சாம வழவழன்னு நாலா பக்கமும் ஈஷி விடுது. ஏழு காடாத் துணி வாங்கிப் போர்த்தியிருந்தா ஏழு சைக்கிளாவது சுத்தமாயிருக்கும்.