அணைக்கத் தெரியாதவங்க இல்ல நாங்க

மண்டபத்துக் கணினி வகுப்புல ஒரு அக்கா அடிச்ச கடிதம் அழிஞ்சுபோன விஷயம் எல்லாருக்கும் தெரியும், முழுசா திரும்பச் சொல்லப் போறதில்ல. ஆனா "அணைக்கக்கூடத் தெரியாதவங்களுக்கு எதுக்குக் கணினி வகுப்பு"ன்னு குழுவுல வந்த அந்த ஒரு வரி இன்னும் மனசைக் குடையுது.

அக்காவுக்கு அணைக்கத் தெரியும். பொத்தானை அழுத்தினாங்க, திரை இருண்டது, காத்தாடிச் சத்தம் நின்னது. வெளிய இடி. இடி இடிச்சா சுவத்து சுவிட்சை அடைக்கணும்னு எங்க ஊர் சுங்கை சிப்புட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடைச்சாங்க. மகளுக்கு மெட்ரிகுலேஷன்ல, அதான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்புல, இடம் கேட்டு எழுதின மேல்முறையீட்டுக் கடிதம், ஒத்தை விரலால மலாய்ல தட்டினது, அதோட போச்சு.

ஏன் போச்சு? கணினித் திரையில புது முகப்பு வந்ததிலிருந்து அந்தப் பொத்தான் கணினியை அணைக்கிறதில்ல, தூங்க வைக்குது. பாதி வேலை எல்லாம் ரேம்ங்கிற தற்காலிக நினைவகத்துல நிக்கும். ரேமுக்கு மின்சாரம் வேணும். மடிக்கணினின்னா பேட்டரி தாங்கும், மேசைக்கணினிக்கு ஏது பேட்டரி? பெட்டி முன்னால கடுகளவு விளக்கு விட்டு விட்டு எரியும், அவ்வளவுதான் அடையாளம்.

"சேவ் பண்ணியிருக்கணும்"னு சொல்வீங்க. முறையா ஷட் டவுன் கொடுத்தா, சேமிக்காத கடிதம் இருக்கு, என்ன செய்யட்டும்னு நிறுத்திக் கேக்கும். தூங்கப் போறப்ப ஒண்ணும் கேக்காது. கேட்டிருந்தா அக்கா பதில் சொல்லியிருப்பாங்க.

மின்சாரம் மிச்சம், சீக்கிரம் எழும், சரி. தூக்கமே வேணாம்னு நான் சொல்லல. அணைக்கிற பொத்தான் அணைக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்.

"செட்டிங்ஸ்ல மாத்திக்கலாமே"ங்கிறவங்களுக்கு: அது பொதுக் கணினி. மாத்த நிர்வாகி கடவுச்சொல் வேணும், வகுப்புக்கு வர்றவங்க கையில அது இல்ல. அதோட, பொத்தான் வேற வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தானே மாத்தவே தோணும்? தெரியாதவங்களுக்காகத்தான், யாரும் மாத்தாம முதல்லயே இருக்கிற அமைப்புன்னு ஒண்ணு வைக்கிறது.

இது முதல் தடவையும் இல்ல. 2011ல லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் 3ங்கிற முகப்பு வந்தப்ப மெனுவுல சஸ்பெண்ட், அதான் தூங்க வைக்கிறது, மட்டும்தான் தெரிஞ்சது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடிச்சாத்தான் பவர் ஆஃப் வரும். ஜனங்க கத்தின பிறகு 2012ல திரும்ப வெளிய வச்சாங்க. அதே வருஷம் வந்த விண்டோஸ் 8ல அணைக்கணும்னா திரை மூலைக்குப் போய், செட்டிங்ஸ் திறந்து, அதுக்குள்ள பவரைத் தேடணும். 2014ல 8.1க்கு வந்த அப்டேட்லதான் தொடக்கத் திரைக்குப் பொத்தான் வந்தது. ரெண்டு இடத்துலயும் பட்டபிறகு திருத்தினதை, மறுபடியும் ஏன் எங்க தலையில கட்டணும்?

எங்கப்பா ரப்பர் ஆலையில உருளை மெஷின்ல நின்னவர். புது ஆள் வந்தா ஓட்டுறதைக் காட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துற சிவப்புப் பொத்தானைத்தான் காட்டுவார். இருட்டுல, கை ஈரமா இருக்கும்போதுகூட அகப்படணும்பார். அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்ல. அவருக்குத் தெரிஞ்சது, இத்தனை படிச்சு முகப்பு வரையிறவங்களுக்கு ஏன் தெரியல?

எதையெடுத்தாலும் நம்ம ஆளுங்களைத்தான் குறை சொல்றோம். தோட்டத்து ஜனம்னா ஒண்ணும் தெரியாதுன்னு வெளியாள் சொன்னா வலிக்கும். நம்ம குழுவுலயே ஒருத்தர் எழுதுறார், பத்துப் பேர் கட்டைவிரல் போடுறாங்க.

சனிக்கிழமை நானே போய் எல்லாக் கணினியிலயும் பொத்தானை ஷட் டவுனுக்கு மாத்துறேன், செயலாளர்கிட்ட கேட்டாச்சு. கடிதத்தையும் அக்கா பக்கத்துல உக்காந்து திரும்ப அடிச்சுக் கொடுக்கிறேன். ஆனா அவங்க இனிமே வகுப்புக்கு வரலைன்னு சொல்லிட்டாங்க. அந்த வரியை எழுதினவர் அதை அழிச்சா மட்டும் போதாது, அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசணும்.